கிருமியைக் கொல்லும் பில்டர் எந்தக் காற்றைச் சுத்தம் செய்கிறது?

காற்றுச் சுத்திகரிப்புக் கருவியின் பெட்டியில் "99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும்" என்று அச்சிட்டிருந்தால் நான் மூன்று விடயங்களைத் தேடுவேன். எவ்வளவு நேரத்தில் அழிந்தன? எதன்மேல் வைத்து அளந்தார்கள்? பூச்சுப் பூசாத அதே பில்டரோடு ஒப்பிட்டார்களா? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் பெட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. விற்பவரை வற்புறுத்தினால் ஒரு பரிசோதனை அறிக்கையை அனுப்புவார். அதை வாசிக்கத் தெரிந்தால், அச்சிட்ட எண் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்று ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். நுண்ணுயிரியல் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்பவள் நான். அந்த வாசிப்பு முறையைத் தமிழில் ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இப்போது எழுத வைத்தவர் என் மாமா. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில் ரியூசன் வகுப்பு நடத்துகிறார். இரண்டு ஏசி, அடைத்த யன்னல்கள், பின்னேரங்களில் வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். ஒருவருக்கு இருமல் வந்தால் அடுத்த கிழமை பாதி வகுப்புக்கு இருமல். அவர் தொலைபேசியில் கேட்டது இது: "பிள்ளை, ரெண்டு மெசினுக்குக் கோட்டேசன் வந்திருக்கு. ஒண்டு வெள்ளிப் பூச்சுப் போட்ட பில்டராம், கிருமியைக் கொல்லுமாம். மற்றது சாதாரண ஹெப்பா. வெள்ளி போட்டது கிட்டத்தட்ட இரட்டை விலை. பிள்ளையளின்ர விசயம், காசைப் பாக்கேலாது. எதை எடுக்கிறது?"

பிள்ளைகளுக்காக இரட்டை விலை கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கும் ஒரு மனிதருக்கு, அந்த மேலதிகக் காசு எங்கே போகிறது என்று சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் பூச்சு எதுவும் இல்லாத பில்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஹெப்பா என்பது சல்லடை அல்ல. மெல்லிய கண்ணாடி இழைகளோ பிளாஸ்ரிக் இழைகளோ ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும் ஒரு தாள் அது. இழைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளி பெரும்பாலும் கிருமியைவிடப் பெரியது. ஆனாலும் கிருமி பிடிபடும். பெரிய துகள் காற்றோடு சேர்ந்து வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதும். நடுத்தரத் துகள் இழையை உரசிக்கொண்டு போகும்போது ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் அங்குமிங்கும் தள்ளுவதால் அது தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஓர் இழையைத் தொட்டே தீரும். தொட்ட துகளை இழை விடாது. இந்த மூன்று வழிகளிலும் சிக்காமல் தப்புவதற்கு ஓரளவு வாய்ப்புள்ள அளவு 0.3 மைக்ரோனை ஒட்டியது (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனால்தான் அமெரிக்க வரையறை அந்த அளவிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய வரையறையில் எச்13 தரம் 99.95 சதவீதம், எச்14 தரம் 99.995 சதவீதம். இவையும் தப்புவதற்கு மிகச் சாதகமான அளவில் அளந்தவைதான்.

கொரோனா வைரசின் விட்டம் ஏறக்குறைய 0.1 மைக்ரோன். "0.3 மைக்ரோன் பில்டருக்குள்ளால 0.1 வைரஸ் போகாதோ?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். போகாது. 0.3ஐ விடச் சிறியது 0.3ஐ விட நன்றாகவே பிடிபடும், அந்தத் தள்ளாட்டத்தின் காரணமாக. அதோடு வைரஸ் தனியாகப் பறப்பதும் இல்லை. மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வெளியேறும் துளி காய்ந்து சுருங்கி, உப்பும் புரதமும் சளியும் சேர்ந்த ஒரு துணிக்கையாக மிதக்கும்; வைரஸ் அதற்குள் இருக்கும். காசநோய்க் கிருமியைச் சுமக்கும் துணிக்கைகள் 1 முதல் 5 மைக்ரோன் வரையானவை. ஹெப்பாவுக்கு இவை மிகச் சுலபமான இரை.

பிடிக்கிற வேலையை இழை முடித்துவிடுகிறது. அப்படியானால் பூச்சு எதற்கு?

வெள்ளி, செம்பு, துத்தநாகம், நான்கிணைய அமோனியச் சேர்மங்கள், குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினிகள் என்று பூச்சுகள் பலவகை. இவை கிருமியைக் கொல்வது உண்மை. ஆய்வுகூட மேசையில் நானே பார்த்திருக்கிறேன். "எவ்வளவு நேரத்தில், எதன்மேல்" என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. விற்பனைக்கு வரும் பில்டர்களின் அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் முறை ஐஎஸ்ஓ 22196. பிளாஸ்ரிக் போன்ற துளையில்லாத மேற்பரப்புகளுக்கானது. ஐந்து சென்ரிமீற்றர் சதுரத் துண்டை எடுத்து, பற்றீரியா கலந்த திரவத்தில் 0.4 மில்லிலீற்றரை அதன்மேல் விட்டு, மெல்லிய படலத்தால் மூடி, 35 பாகை செல்சியசில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதனில் 24 மணித்தியாலம் வைப்பார்கள். பிறகு எண்ணுவார்கள். துணிவகைக்கு ஐஎஸ்ஓ 20743 உண்டு, வைரசுக்கு ஐஎஸ்ஓ 18184 உண்டு. அவற்றிலும் திரவத்தில் நனைத்து மணிக்கணக்கில் விட்டுவைப்பதுதான் வழி.

இந்த முறைகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. வெட்டும் பலகைக்கும், கைப்பிடிக்கும், காலுறைக்கும் பொருத்தமானவை. ஆனால் பில்டருக்குள்ளால் காற்று ஓடுகிறது. மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பாத் தாளின் ஊடாகக் காற்று செக்கனுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வேகத்தில் போகும். தாளின் தடிப்பு அரை மில்லிமீற்றர் என்று எடுத்தால், காற்று அதற்குள் நிற்பது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் வெள்ளியால் எதுவும் ஆகாது. வெள்ளி வேலை செய்ய அயனாகக் கரையவேண்டும், அதற்கு ஈரம் வேண்டும், கிருமி அதைத் தொட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும். இழையில் சிக்கிய கிருமிக்கு அந்த நேரம் கிடைக்கும். சிக்காமல் போன கிருமிக்குக் கிடைக்காது. நீங்கள் மூச்சில் எடுப்பது சிக்காமல் போனதைத்தான்.

இதை மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பிடிபட்டதைத்தான் கொல்லுது, பிடிபடாததை விட்டிடுது" என்றார். நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஓடும் காற்றில் பில்டரைச் சோதிப்பது எப்படி என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிருமியைக் காற்றில் மிதக்கவிட வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு ஆசுப்பத்திரியில் பிடிக்கும் நெபுலைசரின் உறவுக்காரக் கருவி ஒன்று அதற்கு உண்டு; கொலிசன் நெபுலைசர் என்பார்கள். எந்தக் கிருமியை விடுவது என்பது அடுத்த முடிவு. உயிருள்ள கொரோனா வைரசைக் காற்றில் தெளிக்க மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வுகூடம் வேண்டும். ஆகவே பதிலாட்களை வைத்துச் சோதிக்கிறோம். வைரசுக்குப் பதிலாக எம்எஸ்2, ஃபை6 போன்ற, பற்றீரியாவை மட்டும் தாக்கி மனிதரை ஒன்றும் செய்யாத வைரசுகள். எம்எஸ்2 மிகச் சிறியது, கொழுப்புறை இல்லாதது, சுலபத்தில் சாகாது. ஃபை6க்குக் கொழுப்புறை உண்டு. அந்த வகையில் கொரோனாவுக்குக் கிட்டியது. பற்றீரியாவுக்கு ஸ்டஃபிலோகொக்கஸ் இனத்தில் ஒன்று, அல்லது பசிலஸ் வித்திகள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் பற்றீரியா. கொழுப்புறையுள்ள வைரஸைக் கொல்வது வித்தியைக் கொல்வதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். அறிக்கையில் கிருமியின் பெயர் இல்லாவிட்டால் அந்த அறிக்கையை அங்கேயே மூடிவிடலாம்.

பில்டருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் காற்றை உறிஞ்சி எடுக்கவேண்டும். இதற்கு 1958இல் ஆண்டர்சன் வடிவமைத்த ஆறு தட்டுக் கருவி இன்றும் பயன்படுகிறது. நிமிடத்துக்கு 28.3 லீற்றர் காற்றை இழுக்கும். ஒவ்வொரு தட்டிலும் 400 துளைகள், மேலிருந்து கீழே போகப்போகத் துளைகள் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய துணிக்கை மேல்தட்டின் ஏகார் ஊடகத்தில், அதாவது கிருமி வளர்க்கும் கூழில், மோதி நிற்கும், சிறியது கீழ்த்தட்டு வரை இறங்கும். எங்கள் மூச்சுக்குழாயில் எது தொண்டையோடு நிற்கும், எது நுரையீரலின் அடிவரை போகும் என்பதையே அந்தத் தட்டுகள் காட்டுகின்றன. ஓரிரவு கிருமி வளரும் இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்துக் காலையில் கொலனிகளை, அதாவது கிருமி பெருகி உண்டான புள்ளிகளை, எண்ணுவோம். எத்தனை வருடம் செய்தாலும் அந்தக் காலை நேரத்தில் எனக்கு ஆர்வம் குறைவதில்லை.

கிருமி காற்றில் தானாகவும் சாகும், தானாகத் தரையிலும் படியும். கொரோனா வைரஸ் மிதக்கும் துணிக்கையில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1.1 மணித்தியாலம் எடுக்கிறது என்று 2020இல், சுழலும் பீப்பாய்க்குள் வைத்து அளந்தார்கள். ஆகவே அடைத்த பெட்டிக்குள் கிருமியைத் தெளித்து, கருவியை ஓடவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து "இத்தனை குறைந்தது" என்றால் அதில் ஒரு பங்கு இயற்கைக்கு உரியது. கருவியே இல்லாமல் ஒரு ஓட்டம், பூசாத பில்டரோடு ஒரு ஓட்டம், பூசிய பில்டரோடு ஒரு ஓட்டம் என்று மூன்றும் வேண்டும். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் இழையின் சம்பாத்தியம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே பூச்சின் சம்பாத்தியம். நல்ல ஹெப்பாவில் அந்தக் கடைசி வித்தியாசம் அளவிட முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும், ஏனென்றால் பூச்சுக்கு இழை மீதம் வைப்பதே இல்லை. விளம்பரத்துக்கு வரும் அறிக்கைகளில் நடு ஓட்டம் காணாமல் போவது இதனால்தான் என்பது என் கணிப்பு.

சோதனைப் பெட்டியின் அளவையும் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 60 கனமீற்றர் காற்றைச் சுத்தமாக்கும் சின்னக் கருவியை 1 கனமீற்றர்ப் பெட்டிக்குள் வைத்தால், அங்குள்ள காற்றை மணிக்கு 60 தடவை வடிகட்டிவிடும். அதே கருவியை ஒரு சாதாரண அறையில், 60 கனமீற்றரில் வைத்தால் மணிக்கு ஒரே தடவைதான். இரண்டிலும் எண் உண்மை. அமெரிக்க வீட்டு உபகரண உற்பத்தியாளர் சங்கத்தின் சோதனை அறை 28.5 கனமீற்றர் அளவு; பற்றீரியாவுக்கு ஐஎஸ்ஓ 16000 தொடரின் 36ஆம் பகுதி 2018இல் வந்தது. இப்படியான முறைகளின் பெயர் அறிக்கையில் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

இன்னொன்று, ஆய்வுகூடத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாதது, ஆனால் என் கணக்கில் எல்லாவற்றிலும் முக்கியமானது. பூச்சு, பில்டரில் பிடிபட்ட கிருமியைக் கொன்றதா என்று பார்க்க, பில்டரை வெட்டி, திரவத்தில் போட்டுக் குலுக்கி, அந்தத் திரவத்தை ஊடகத்தில் பரப்புவோம். குலுக்கும்போது கிருமி மட்டும் கழன்று வருவதில்லை. வெள்ளியும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்தே கழன்று வந்து, ஊடகத்திலும் தம் வேலையைத் தொடரும். பில்டரில் உயிரோடு இருந்த கிருமி பெத்திரிக் கிண்ணத்தில் செத்துப்போகும். தட்டு வெறுமையாக இருக்கும், அறிக்கையில் 99.99 என்று ஏறும். இதைத் தடுக்க அந்தத் திரவத்தில் நடுநிலையாக்கி சேர்க்கவேண்டும். லெசித்தின், பொலிசோர்பேற்று 80, தயோசல்பேற்று போன்றவை கலந்த திரவங்கள் இதற்கென்றே உள்ளன. நடுநிலையாக்கி உண்மையில் வேலை செய்தது, அது தானே கிருமியைக் கொல்லவில்லை என்று தனியாக நிரூபிக்கவும் வேண்டும். ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த துண்டை நாங்கள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தோம். நடுநிலையாக்கி இல்லாத தட்டில் ஒன்றுமே இல்லை. இருந்த தட்டில் எண்ணமுடியாத அளவுக்குக் கொலனிகள். ஒரே பில்டர், ஒரே கிருமி, ஒரே நாள். அன்றைக்குப் பிறகு அறிக்கை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது "நடுநிலையாக்கல்" என்ற சொல்லைத்தான்.

99.9 என்பதை நாங்கள் மூன்று லொக் குறைவு என்போம். பத்து இலட்சம் ஆயிரமாகக் குறைவது. ஆயிரம் கிருமிகள் மிச்சம் என்று எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள். பிசிஆர் முடிவை மட்டும் காட்டும் அறிக்கையும் போதாது. செத்த வைரசின் மரபணுவும் பிசிஆரில் தெரியும். ஆகவே பிடிபட்டதா என்பதற்கு அது உதவும், செத்ததா என்பதற்கு உதவாது.

காற்றின் தொற்றை அளந்ததில் என்னை இன்றைக்கும் வியக்கவைக்கும் பரிசோதனை பால்ற்றிமோரில் நடந்தது. 1950களின் பிற்பகுதியில், முன்னாள் படைவீரர் ஆசுப்பத்திரியொன்றில், ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்சும் ஆறு கட்டில் கொண்ட காசநோய் வார்ட்டின் காற்றை முழுக்கக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய், கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகள் அதைச் சுவாசிக்க விட்டார்கள். நோயாளிக்கும் விலங்குக்கும் இடையில் காற்றைத் தவிர வேறு தொடர்பு இல்லை. கினிப் பன்றிகளுக்குக் காசநோய் வந்தது. பிறகு காற்றை இரண்டு குழாய்களாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளிபட்ட காற்றைச் சுவாசித்த விலங்குகளுக்குத் தொற்றவில்லை, மற்றவற்றுக்குத் தொற்றியது. காசநோய் காற்றால் பரவுகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று அதுவரை இருக்கவில்லை. நான் இதை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது குழாய். அதே வார்ட், அதே நோயாளிகள், அதே நாட்கள், ஒன்றே ஒன்று மட்டும் வேறு. விற்பனை அறிக்கையில் காணாமல் போகும் நடு ஓட்டத்தை எழுபது வருடத்துக்கு முன்னரே இவர்கள் விலங்குகளை வைத்துச் செய்துகாட்டிவிட்டார்கள்.

பூச்சை முழுதாக ஒதுக்குவதும் நியாயமில்லை. 2022இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் குளோர்ஹெக்சிடின் பூசிய பில்டரைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு கவனமானது. பூசிய பரப்பில் கொரோனா வைரஸ் 60 செக்கனுக்குள் செயலிழந்தது. பூசாத பில்டரில் ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னும் இருந்தது. ஓடும் ரயில்களிலும் பூசியதையும் பூசாததையும் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள். பூசியதில் உயிருள்ள கிருமி எஞ்சவில்லை. நல்ல வேலை. இது யாருக்கு உதவும்? பில்டரைக் கழற்றி மாற்றும் தொழிலாளிக்கு. ஆசுப்பத்திரியிலும் ரயிலிலும் அந்த வேலையைச் செய்பவரின் உடல்நலம் எனக்குப் பெரிய விடயம், அவருக்காகப் பூச்சுக்குக் காசு கொடுப்பதை நான் ஆதரிப்பேன். ஆனால் அதே அறையில் அமர்ந்திருப்பவருக்கு வரும் காற்று அதனால் கூடுதல் சுத்தமாகாது.

எங்கள் ஊருக்குப் பொருந்தும் இன்னொரு பயனும் உண்டு. கொழும்பின் ஈரப்பதன் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் 75 முதல் 85 சதவீதத்துக்குள் நிற்கும். ஈரப்பதன் 80க்கு மேல் நெடுநேரம் நின்றால் பில்டரில் படிந்த தூசையே உணவாக்கிப் பூஞ்சணம் வளரும். மழைக்காலத்தில் ஏசியைப் போட்டதும் வரும் புளித்த வாடை அதன் அடையாளம். பூச்சு அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அமெரிக்கச் சட்டம் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. பூசிய பொருள் தன்னைத்தானே பூஞ்சணத்திலிருந்தும் வாடையிலிருந்தும் காத்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்வதானால் பதிவு தேவையில்லை. நோய்க்கிருமியைக் கொன்று மனிதரைக் காக்கும் என்று சொன்னால் கிருமிகொல்லியாகப் பதிந்து, அதற்குரிய சான்றுகளைக் கொடுக்கவேண்டும்.

அந்தப் பூச்சும் நிலைக்காது. ஹல்ஸ்டோர்ப்பிலும் புறக்கோட்டையிலும் ஓடும் ஒரு பில்டரைச் சில மாதத்தில் கழற்றிப் பாருங்கள்: டீசல் கரி, வீதித் தூசு, சாம்பிராணிப் புகை, நுளம்புச் சுருள் புகை. அடுத்து வரும் கிருமி இந்தப் படையின்மேல் இறங்கும். அடியிலிருக்கும் வெள்ளியை அது தொடவே தொடாது. சோதனைகளோ புதுப் பில்டரில்தான் நடக்கின்றன.

பூச்சு கழன்று காற்றில் வருமா என்ற கேள்வியை நான் பாரமாக எடுத்துக்கொள்கிறேன், காரணம் தென் கொரியா. அங்கே ஈரப்பதனூட்டிகளின் நீரில் கலந்த கிருமிநாசினியால் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நுரையீரல் சேதமடைந்து இறந்தது 2011இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2016இல் அதே நாட்டில், காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளிலும் கார் ஏசிகளிலும் இருந்த சில பில்டர்களில் பூசிய ஒக்டைல் ஐசோதயசோலினோன் என்ற பூஞ்சைகொல்லி, பாவனையின்போது காற்றில் வெளியேறுவதை அரசு கண்டறிந்து அவற்றை மீளப்பெறச் செய்தது. தோலில் பட்டாலும் தண்ணீரில் கலந்தாலும் பரவாயில்லை என்று தேறிய ஒரு பொருள், மூச்சுக்குள் போகும்போது வேறு கணக்கு. பிள்ளைகள் நாளுக்கு நான்கு மணித்தியாலம் அமரும் அறையில் ஓடும் பில்டரின் பூச்சு என்னவென்று விற்பவருக்கே தெரியாவிட்டால் அதை வாங்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி மாமாவின் அறைக்கு வருவோம். 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம்: 180 கனமீற்றர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் பொது இடங்களுக்குச் சொன்ன இலக்கு, மணிக்கு ஐந்து தடவையாவது காற்று சுத்தமாக மாறவேண்டும் என்பது. அதற்கு மணித்தியாலத்துக்கு 900 கனமீற்றர் தேவை. வெள்ளிப் பூச்சுக் கருவியின் சுத்தக் காற்று வீதம், அதாவது சிஏடிஆர், 250. அது தருவது மணிக்கு ஒன்றரைத் தடவைக்கும் குறைவு. பூசாத ஹெப்பாவின் வீதம் 450. வெள்ளிக் கருவி ஒன்றின் விலைக்கு இதில் இரண்டு வாங்கலாம், வாங்கினால் 900. காற்று நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டால், இருமலில் வந்த துணிக்கைகளில் 99 சதவீதத்தை அகற்ற ஐந்து மாற்றத்துக்கு 55 நிமிடம் போதும். ஒன்றரைக்குக் குறைந்த மாற்றத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், அதற்குள் அடுத்த வகுப்பு வந்து முடிந்துவிடும். சிஏடிஆர் எண் கருவியை உச்ச வேகத்தில் ஓடவிட்டு அளந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அந்தச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாதென்று வேகத்தைக் குறைத்தால் எண்ணும் குறையும். ஆகவே கணக்கு போட்டதைவிட ஒன்று கூடுதலாக வாங்கி, நடு வேகத்தில் ஓடவிடச் சொன்னேன்.

அதோடு யன்னல். ஸ்பிளிட் ஏசி உள்ளேயிருக்கும் காற்றையே திருப்பித் திருப்பிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை ஒரு துளியும் எடுப்பதில்லை. இதைச் சொன்னால் கொழும்பில் இன்னும் பலர் நம்புவதில்லை. வெளியே காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு. அடைத்த வகுப்பறையில் ஒரு மணித்தியாலத்தில் அது பல மடங்காகும். அந்த எண் ஏறுவது, அடுத்தவர் விட்ட மூச்சை நீங்கள் எடுக்கிறீர்கள் என்பதன் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சாதாரண இடங்களுக்கு ஆளுக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் வெளிக்காற்று வேண்டுமென்றது. பெருவின் தலைநகர் லீமாவில் எட்டு ஆசுப்பத்திரிகளில் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், யன்னலும் கதவும் திறந்த அறைகளில் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. பெருஞ்செலவில் கட்டிய இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்குக் கணக்கு 12. உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் உள்ள பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட நன்றாகவே மூச்சுவிட்டன. கொழும்பில் அப்படிப்பட்ட வீடுகளை இடித்துத்தான் நாங்கள் இந்த மாடிகளைக் கட்டியிருக்கிறோம். மாமாவின் வகுப்பில் இப்போது பாடத்துக்குப் பாடம் பத்து நிமிடம் எல்லா யன்னலும் திறக்கின்றன. ரயில் போனால் பேச்சு நிற்கிறது, நிற்கட்டும்.

வகுப்பறையைவிட என்னைக் கவலைப்பட வைப்பது டிஸ்பென்சரிகளின் காத்திருப்பு அறைகள். நாட்டில் பதிவாகும் காசநோயாளர்களில் கொழும்பு மாவட்டத்தின் பங்கு மற்ற எந்த மாவட்டத்தையும்விடக் கூட. அவர்களில் பலர் வெலிசறை ஆசுப்பத்திரிக்கோ மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கோ போகுமுன், கிழமைக்கணக்கில் இருமிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ ஒரு தனியார் வைத்தியரின் சின்ன ஏசி அறையில் இலக்கத்துக்குக் காத்திருந்திருப்பார்கள். பக்கத்தில் சளிக்கு மருந்தெடுக்க வந்த குழந்தை, நீரிழிவுக்கு வந்த அம்மம்மா. அந்த அறைக்கு 99.9 என்று எழுதிய சிறு கருவியொன்றை மூலையில் வைத்துவிட்டு யன்னலை அடைத்துவிட்டால், முன்பைவிட மோசமான நிலைமை. கேம்பிரிட்ஜின் அடன்புரூக்ஸ் ஆசுப்பத்திரியில் கொரோனா வார்ட்டொன்றில், ஹெப்பாவும் புறஊதா விளக்கும் சேர்ந்த கருவி ஓடிய கிழமையில் காற்றில் வைரஸ் அகப்படவில்லை, நிறுத்திய கிழமைகளில் அகப்பட்டது. கருவி வேலை செய்யும், அறைக்கு ஏற்ற அளவில் இருந்தால்.

வைத்தியர்களிடம் நான் கேட்பது சின்ன விடயம். காத்திருப்பு அறையை அளந்து நீள, அகல, உயரத்தைப் பெருக்குங்கள், ஐந்தால் பெருக்குங்கள், அந்த எண்ணுக்குக் குறையாத சிஏடிஆர் உள்ள பூசாத எச்13 கருவியை வாங்குங்கள். எதிரெதிர் யன்னல் இரண்டைத் திறந்து சீலிங் ஃபேனை ஓடவிட முடிந்த அறையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். இருமுபவருக்கு ஒரு முகக்கவசம் கொடுத்து வாசலோரம் இருத்துங்கள்.

பில்டர் மாற்றும் நாளில் கருவியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, பழையதைத் தட்டாமல் உதறாமல் மெதுவாகப் பொலித்தீன் பைக்குள் இறக்கி முடிச்சுப் போடுங்கள். பல்கனியில் வைத்துத் தூசு தட்டித் திரும்பப் போடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கழுவலாம் என்று எழுதாத ஹெப்பாவைத் தட்டினாலும் கழுவினாலும் இழை குலைந்துவிடும். புதியதைப் போடும்போது ஓரத்து ரப்பர் பட்டி சட்டத்தோடு முழுதாகப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த இடுக்கால் போகும் காற்றை எந்தப் பில்டரும் தொடுவதில்லை. மாற்றிய திகதியைச் சட்டத்திலேயே மாக்கர் பேனையால் எழுதிவிடுங்கள்.